பாட்டிலில் விழாத இருபது ரூபாய்

போன தடவை ஹார்லிக்ஸ் பாட்டில் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். மீதியை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தேன். முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் சாயங்காலம் ஐந்தரைக்கு நடக்கிற நாலு பெண்கள் நாங்கள். ரிட்டையர்ட் கணக்கு டீச்சரக்கா, எங்கள் மாடிவீட்டு மதினி, பேங்க்கில் வேலை பார்க்கிற பிள்ளை, அப்புறம் நான். தை பிறந்ததும் நாலு பேரும் சேர்ந்து ஒரு சபதம் எடுத்தோம். இனிப்பு, பஜ்ஜி, பரோட்டா மூன்றும் கிடையாது. மீறினால் ஒரு தடவைக்கு இருபது ரூபாய் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் விழ வேண்டும். யார் பணம் குறைவாக விழுகிறதோ, மொத்தத் துட்டையும் என்ன செய்யலாம் என்று அவர் முடிவு பண்ணலாம். பாட்டில் எங்கள் வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில். கணக்கு நோட்டு மட்டும் டீச்சரக்காவிடம்.

ஏழு வாரத்தில் மதினி போட்டது 340 ரூபாய். நான் 220. பேங்க்குப் பிள்ளை 160. டீச்சரக்கா பூஜ்யம்.

மதினியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் குற்றம் செய்துவிட்டு அபராதம் கட்டுகிற ஆள் இல்லை. முதலில் கட்டிவிட்டு அப்புறம் குற்றம் செய்வார். ஒருநாள் காலையிலேயே மாடியிலிருந்து இறங்கி வந்து இருபது ரூபாயை நீட்டினார்.

"என்ன மதினி, என்ன சாப்பிட்டிய?"

"இன்னும் சாப்பிடல. சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போறேன். அங்கன கேசரி உண்டும்னு கேள்விப்பட்டேன்."

"கேசரியைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லலாம்லா?"

"நீ ஏன் பிள்ள, நடக்காத காரியத்தைப் பேசிக்கிட்டு!"

கருப்பட்டி விஷயத்தில் அவரோடு நடந்த வழக்கு தனி. கருப்பட்டி இனிப்பு இல்லை, அது மருந்து என்பது மதினியின் வாதம். பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் வயிற்றுக்குள் போனபின் சர்க்கரை சர்க்கரைதான், கருப்பட்டியில் மணமும் கொஞ்சம் சத்தும் கூட உண்டு, அவ்வளவே என்று பேங்க்குப் பிள்ளை போனில் எடுத்துக் காட்டினாள். "அந்தப் போனு வடக்க செஞ்சது. அதுக்குப் பனைமரத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று மதினி கேஸை முடித்துவிட்டார். இருந்தாலும் இருபது ரூபாய் விழுந்தது.

பேங்க்குப் பிள்ளை எதையும் போனைக் கேட்காமல் செய்ய மாட்டாள். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு என்று ஒரு முறை. அந்த எட்டு மணி நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் சாப்பிடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும், ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்கள் தோற்றுப் போவார்கள். தினமும் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும். ராத்திரி 9,600 என்று காட்டினால் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கயிற்றுக்கு அடியில் குனிந்து குனிந்து மீதியை நடப்பாள். அந்தப் பத்தாயிரம் ஒன்றும் டாக்டர்கள் சேர்ந்து கண்டுபிடித்த எண் இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் இடுப்பில் மாட்டுகிற அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்றுதான் அர்த்தம். கடைக்காரர் வைத்த பெயரை உலகமே பிடித்துக்கொண்டது. இதைச் சொன்னதற்கு அவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் கதை சொல்லும்படியாக இல்லை. நான் எதையும் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை ஓரம், டப்பாவை மூடுவதற்கு முன்னால் ஒரு துண்டு கடலை மிட்டாய், உப்புப் பார்க்க ஒரு வடை. இப்படி நின்றுகொண்டே சாப்பிட்டதெல்லாம் கணக்கில் வராது என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சரக்காதான் நோட்டில் 'உப்புப் பார்த்த வடை: 20' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அந்த டீச்சரக்காவுக்குத்தான் பூஜ்யம். எங்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர் அவர் ஒருத்தர்தான். ஏழு வாரத்தில் நாலு கிலோ குறைந்திருந்தார். "மனசுதான்ட்டி காரணம். மனசு கட்டுப்பட்டா நாக்கு கட்டுப்படும்" என்று பேங்க்குப் பிள்ளைக்கு வகுப்பு எடுப்பார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டோம். மனசைத் தவிர வேறு காரணம் இருக்கும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

பேங்க்குப் பிள்ளை வரும்போதே கையில் ஒரு பை. அவள் ஆபீஸில் யாருக்கோ மாற்றல் வந்து, போகிறவர் எல்லோருக்கும் அரைக் கிலோ அல்வா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வா. திருநெல்வேலியில் அல்வாவுக்குக் கடை எத்தனையோ உண்டு. ஆனால் அந்தக் கடை சாயங்காலம்தான் திறக்கும், திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்தும் போகும். வாங்கப் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வந்தபின் வேண்டிய பொறுமை அதைவிடப் பெரிது.

"அக்கா, இதை வீட்டுல வச்சா நான் ராத்திரி தூங்க மாட்டேன். யாராவது வாங்கிக்கிடுங்க" என்றாள்.

"என் வீட்டுல வச்சா அது தூங்காது" என்றார் மதினி.

இலையைப் பிரிக்கவில்லை. ஆனால் நெய் வாசனைக்கு இலை ஒரு தடையா? கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுகிற பண்டம். நாலு பேரும் பையைச் சுற்றி நின்றுகொண்டு, முகர்ந்து பார்த்தால் அபராதம் உண்டா இல்லையா என்று விவாதம் பண்ணினோம். முகர்வதற்குப் பத்து ரூபாய் என்றாள் பேங்க்குப் பிள்ளை. மூச்சு விடுவதற்கெல்லாம் துட்டு வாங்கினால் ஆண்டவன் பொறுக்க மாட்டான் என்றார் மதினி. தீர்ப்புக்காக டீச்சரக்காவைப் பார்த்தோம்.

"உங்களுக்கெல்லாம் கோட்டியா பிடிச்சிருக்கு? நடக்க வந்தா நடக்கணும்! சவத்தத் தூக்கி அங்கிட்டு வைங்க!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பக்கத்தில் பந்து விளையாடிய பையன்களே திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை. ஆனால் எங்களிடம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

"அல்வாவைப் பார்த்ததும் டீச்சரக்காவுக்கே ஆட்டம் கண்டுபோச்சு" என்று மதினி என் காதில் சொல்ல, ரெண்டு பேரும் சிரித்தோம்.

மூன்றாவது சுற்றில் டீச்சரக்கா கேட்டார்: "இது அஞ்சாவது சுத்துதானே?"

"மூணுக்கா."

"அதான், அஞ்சு."

அதற்கும் சிரித்தோம். கணக்கு டீச்சருக்கே கணக்குத் தப்புகிறது என்று பேங்க்குப் பிள்ளை கைதட்டினாள். நான் இப்போது இதை எழுதும்போது எனக்கு அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்கிறது. ஏனென்றால் அதற்கு அடுத்த வளைவில் அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மாசிச் சாயங்காலம், நல்ல காற்று. அவர் ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருந்தது. கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின. "எனக்கு ஒண்ணும் இல்ல, பைய வாரேன்" என்றார். ஆனால் அந்தச் சொற்கள் தூக்கத்தில் பேசுகிறவர் பேச்சு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தன.

எங்கள் அப்பா இருபது வருஷம் இன்சுலின் போட்டவர். வேர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம், குழறல் இதெல்லாம் சேர்ந்து வந்தால் அம்மா ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். அலமாரியில் இருந்து குளுக்கோஸ் டப்பாவை எடுத்துவிடுவாள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். இறங்கினால் அதைவிட வேகமான ஆபத்து என்பது மாத்திரையும் ஊசியும் போடுகிற வீடுகளில்தான் தெரியும்.

"சர்க்கரை வேணும்! யாருகிட்டயாவது இருக்கா?"

பேங்க்குப் பிள்ளை பதறிப் போய் அல்வாப் பையைத் திறந்துவிட்டாள். நியாயம்தான், கையில் இருந்த இனிப்பு அதுதானே. ஆனால் அல்வா அதற்கு உதவாது. நெய் இருப்பதால் அதில் உள்ள சர்க்கரை ரத்தத்துக்குப் போய்ச் சேர நேரமாகும். கடலை மிட்டாய், பால்கோவா, சாக்லேட் எல்லாவற்றுக்கும் இதே குறை. அந்த நிமிஷத்துக்கு வேண்டியது வெறும் சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ், இல்லையென்றால் பழச்சாறு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அல்வா மருந்தாகியிருக்கும், அந்தப் பெருமையும் நெய்யால் போச்சு.

அப்போது மதினி ஓடினார். முட்டிவலி என்று மூன்றாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிடுகிற மதினி, சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே, பந்து விளையாடுகிற பையன்களுக்கு நடுவில் புகுந்து வாசல் டீக்கடைக்கு ஓடினார். திரும்பி வரும்போது அரை டம்ளர் தண்ணீர், அதில் மூணு ஸ்பூன் சர்க்கரை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

டீச்சரக்காவுக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது, அதனால் கொடுத்தோம். (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்படி ஆனால் நேரே 108-தான்.) கால் மணி நேரம் தரையில் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நாலு பேரில் ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. எங்கள் குழுவின் வரலாற்றில் அதுதான் முதல் முறை. பத்து நிமிஷம் கழித்து டீச்சரக்கா நிமிர்ந்து, "ஏளா, ஏன் எல்லாரும் இழவு வீட்டுல மாதிரி உக்காந்திருக்கிய?" என்று கேட்டார். மதினிக்கு அழுகை வந்துவிட்டது.

டீக்கடை அண்ணாச்சி சர்க்கரைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பேங்க்குப் பிள்ளை அல்வாப் பையை அவர் கையில் வைத்தாள். அவர் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எனக்கே அல்வா குடுக்கியளா?" என்றார். இந்த ஊரில் இப்படி ஒரு சங்கடம் உண்டு, மனசாரக் கொடுத்தாலும் நம்ப மாட்டார்கள்.

அங்கேயே ரெண்டு இட்லி சாப்பிட வைத்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். விரலில் குத்திப் பார்த்தார். 84. சர்க்கரைத் தண்ணீரும் இட்லியும் போனபிறகு 84 என்றால், அதற்கு முன்னால் 70-க்குக் கீழே நன்றாகவே போயிருக்கும் என்றார்.

"காலையில மாத்திரை போட்டியளா?"

"போட்டேன்."

"மத்தியானம் என்ன சாப்பிட்டிய?"

டீச்சரக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "மோர்."

"நேத்து?"

"மோர்தான்."

"முந்தாநாள்?"

பதில் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஏழு வாரமாக "இன்னிக்கு ரெண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் வெஞ்சனம்" என்று எங்களிடம் ஒப்பித்தவர். அல்வா கொடுத்தது யார் என்று இப்போது தெரிந்தது.

டாக்டர் திட்டவில்லை. அவர் போடுகிற மாத்திரை கணையத்தைத் தட்டித் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற வகை என்று சொன்னார். சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, அது பாட்டுக்கு வேலை செய்யும். பட்டினி கிடந்து நடக்கவும் செய்தால் இருக்கிற சர்க்கரையும் தீர்ந்துபோகும். இவ்வளவு எளிமையான விஷயம் டீச்சரக்காவுக்குத் தெரியாததா? தெரியும். அப்புறம்தான் மெல்ல வெளியே வந்தது.

போன மாதப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 9.1 வந்திருக்கிறது. அடுத்த தடவையும் குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசி பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வருகிற வைகாசியில் மகனுக்குக் கல்யாணம். "சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னால ஊசி போட்டுக்கிட்டு நிக்கணுமா டாக்டர்? வந்ததும் வராததுமா அந்தப் பிள்ள எனக்கு நர்சு வேலை பாக்கணுமா?" என்று கேட்டார். டீச்சரக்கா வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மத்தியானம் அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான். சாப்பிட்டாரா என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் சாப்பிடாமல் இருப்பது சுலபம். நாங்களோ என்ன சாப்பிட்டார் என்று கேட்டோமே தவிர, சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை.

"டீச்சர், நீங்க பாடம் எடுத்தவங்க, உங்களுக்கே சொல்லுதேன்" என்றார் டாக்டர். "அந்த டெஸ்ட்டு பரீட்சைக்கு முந்தின நாள் படிச்சு பாஸாகிற மாதிரி இல்ல. அது அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர். ரெண்டு மூணு மாசம் தினமும் வந்தீங்களான்னு பாக்கும். ஊசி போட வேண்டி வந்தா அதுவும் ஒரு மருந்து, அவ்வளவுதான். தண்டனை இல்ல." மாத்திரையின் அளவைக் குறைத்தார். மூன்று வேளையும் சாப்பிட்டே ஆக வேண்டும், விரதம் இருப்பதானால் தன்னைக் கேட்காமல் இருக்கக் கூடாது, ரெண்டு வாரம் வீட்டிலேயே குத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும், நடக்கப் போகும்போது பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற பேங்க்குப் பிள்ளையைப் பார்த்து, மாத்திரை எதுவும் போடாத அவளுடைய பதினாறு மணிக் கணக்கை இவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எழுந்திருக்கும்போது டீச்சரக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "டாக்டர், மறுவீட்டுச் சொதி?"

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் சொதிதான் ராஜா. தேங்காயை அரைத்து முதல் பால், ரெண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, ரெண்டாம் பாலும் பாசிப்பருப்பும் சேர்த்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கி, எலுமிச்சம் பழம் பிழிவார்கள். இவ்வளவு தேங்காய்ப் பாலும் செரிக்க வேண்டுமே என்று இஞ்சித் துவையல். கூடவே உருளைக்கிழங்குக் காரக்கறி. மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பந்தியில் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்?

டாக்டரும் இந்த ஊர்க்காரர்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சோறு ஒரு கரண்டியோட நிறுத்திக்கிடணும். காயை நிறையப் போட்டுக்கிடுங்க. கிழங்கு கொஞ்சமா. பாயசம் கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, "தேதி என்னிக்கு? எனக்குப் பத்திரிகை வரும்லா?" என்றார்.

மறுநாள் டீச்சரக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் கணக்கு நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். 'விட்ட மத்தியானங்கள்: 26. அபராதம்: 26 x 20 = 520.' சில்லறை மாற்றி, இருபது ரூபாய்த் தாள்களாகவே கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாகப் பாட்டிலுக்குள் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு அப்படிப் போட வேண்டியிருந்தது.

பாட்டிலில் மொத்தம் 1,240. இப்போது குறைவாகக் கட்டியவர் பேங்க்குப் பிள்ளை, முடிவு அவள் கையில். குளுக்கோமீட்டரும் இருபத்தைந்து ஸ்டிரிப்பும் 1,150 ரூபாய்க்கு வாங்கினாள். போனைப் பார்த்து விலை ஒப்பிட்டுத்தான், அதை விட முடியுமா? மத்தியானம் ஒன்றரைக்கு நாங்கள் மூன்று பேரும் முறை வைத்து டீச்சரக்காவுக்கு போன் பண்ணுகிறோம். மதினி முறை வரும் நாளில் போன் கிடையாது, தூக்குச்சட்டியோடு நேரிலேயே போய்விடுகிறார். போன புதன்கிழமை கீரையும் ரசமும் கொண்டு போய்விட்டு, டீச்சரக்கா வீட்டுச் சப்பாத்தியைத் தான் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். சப்பாத்திக்கு அபராதம் இல்லை என்பதால் விட்டுவிட்டோம்.

பாட்டிலில் மிச்சம் 90 ரூபாய். நேற்று மதினி இறங்கி வந்து அதில் நாற்பது போட்டார்.

"என்ன மதினி இது?"

"வைகாசிச் சொதிக்கு. அட்வான்ஸ்."

"சொதி இனிப்பும் இல்ல, பரோட்டாவும் இல்ல. அபராதமே கிடையாதே!"

"தெரியும் பிள்ள. பந்தியில பாயசம் வைப்பாங்கல்லா?"

"அதுக்கு இருபதுதானே? இன்னொரு இருபது?"

"டீச்சரக்கா இலையில வைக்கிற பாயசத்தை யாராவது எடுத்துக்கிட வேண்டாமா?" என்றார்.